ஒரே பிழை ஒன்பது முறை

தேர்வறையில் என் வேலை வாயைத் திறக்காமல் இருப்பது.

ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வுக்கு இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் மேசைக்கு எதிரே அமர்ந்து தேர்வரோடு பேசுவார். இன்னொருவர் சுவரோரமாக, தேர்வரின் கண்ணில் நேராகப் படாத இடத்தில், தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே மதிப்பெண் போடுவார். அந்த இரண்டாவது ஆள் நான். பதினோரு வருடமாக. வீட்டில் யாரும் இதை நம்புவதில்லை. "கால் மணி நேரம் நீ பேசாம இருப்பியா? அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று என் கணவர் இன்னமும் கேட்கிறார்.

எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஒரு தேர்வருக்குப் பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்தே நிமிடம். மழையோ இடியோ, அடுத்தவர் குறித்த நேரத்தில் உள்ளே வந்தாக வேண்டும். இருபத்தாறு வருட அனுபவம். சிரிப்பார், ஆனால் அதற்கும் கணக்கு இருக்கும்.

என் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கும். வீச்சு, துல்லியம், ஓட்டம், உரையாடல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். எந்தக் கட்டத்திலும் மூன்றுக்குக் கீழே போகக் கூடாது. ஒன்றில் இரண்டு விழுந்தாலும் சான்றிதழ் கிடையாது. ஓட்டமும் உரையாடலும் பெரும்பாலும் தகராறு செய்வதில்லை. சண்டை எல்லாம் முதல் இரண்டில்தான்.

எத்தனை விஷயத்தை, எத்தனை விதமாகச் சொல்ல முடிகிறது என்பது வீச்சு. சொன்னதில் எவ்வளவு சரி என்பது துல்லியம். இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒரே வீட்டில் இருந்தாலும் ஒத்துப்போகாது. கரையோரமாகக் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறவர் முழுகவே மாட்டார், அவருக்குத் துல்லியம் ஐந்து. நடு ஆற்றுக்குப் போகிறவர்தான் தண்ணீர் குடிப்பார். அன்று காலை முதலில் வந்த கல்லூரிப் பெண் அப்படிக் கரையில் நின்றவள்தான். சின்னச் சின்ன வாக்கியம், ஒரு பிழை இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "பிடிக்கும்", "பிடிக்காது", "அழகாக இருக்கிறது". துல்லியத்துக்கு ஐந்தும் வீச்சுக்கு இரண்டும் போட்டேன். பாவமாக இருந்தது. பாவத்துக்கு என் தாளில் கட்டம் இல்லை.

அடுத்து வந்தவர் லேத் பட்டறைக்காரர். ஐம்பத்து நான்கு வயது என்று பட்டியலில் இருந்தது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எவ்வளவு தேய்த்துக் கழுவியிருந்தாலும் விரல் ரேகைகளில் இரும்புக் கறுப்பு தங்கியிருந்தது. நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். எப்படி இருக்கிறீர்கள்?

"கொஞ்சம் பதற்றமாக இருக்கிறேன்" என்றார் அவர், ஸ்பானிஷில். "நெர்வியோசா" என்று.

கடிகாரத்தின் புருவம் ஒரு நூல் உயர்ந்து இறங்கியது.

இதை விளக்க வேண்டும். நம் மொழியில் "களைச்சுப் போயிட்டேன்" என்று ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். அவன் வந்தான், அவள் வந்தாள் என்னும்போதுதான் பால் வருகிறது. 'நான்' என்பதற்கு ஆண் பெண் இல்லை. ஸ்பானிஷில் உண்டு. களைத்தவன் தன்னை "கன்சாதோ" என்பான், களைத்தவள் "கன்சாதா" என்பாள். பதற்றம், மகிழ்ச்சி, கவலை எல்லாவற்றுக்கும் அப்படித்தான். முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். இந்த மனிதர் எழுத வந்திருப்பதோ மேல்நிலைத் தேர்வு.

துல்லியத்துக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

அடுத்தது படம். ஒரு வீட்டுக்கு வண்ணம் பூசுகிறார்கள், ஒருவர் ஏணிமேல் நிற்கிறார், தரையில் வாளி கவிழ்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அவர் பேச வேண்டும். பூசுகிறவரைச் சொன்னார், வாளியைச் சொன்னார், ஏணியில் வந்து நின்றார். ஏணிக்கு ஸ்பானிஷ் வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விட்டத்தைப் பார்ப்பார்கள், தமிழில் முணுமுணுப்பார்கள்.

அவர் நிற்கவே இல்லை, ஸ்பானிஷிலேயே தொடர்ந்தார். "நீளமான கட்டை ரெண்டு, நடுவுல குட்டிக் குட்டிக் கட்டைங்க. விளக்கு கெட்டுப்போச்சுன்னா மாத்த மேல போறதுக்கு உதவும். கீழ யாராவது பிடிச்சுக்கிட்டாத்தான் நல்லது. அந்த ஆளுக்குப் பிடிக்க யாரும் இல்ல, அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார்.

நம் ஊரில் மூக்கைத் தொடச் சொன்னால் தலையைச் சுற்றித் தொடுகிறான் என்று கேலி செய்வோம். பேச்சுத் தேர்வில் அதற்குத்தான் பெரிய மதிப்பு. வார்த்தை இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்தவருக்கு வீச்சு உண்டு. அவர் சுற்றிப்போன அழகு நான் இதுவரை கேட்காதது. தடுமாற்றம் இல்லை, வெட்கம் இல்லை. தினமும் அதே வழியில் நடந்து பழகியவர் போலப் போனார். வீச்சுக்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டேன். கூடவே துல்லியத்தில் இன்னொரு கோடும். கவலையாக இருப்பதையும் பெண்பாலில்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாவது பகுதியில் ஒரு தலைப்பைப் பற்றி ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். சீட்டில் இரண்டு தலைப்புகள் இருந்தன: "நான் போக விரும்பும் பயணம்", "என் வாழ்க்கையில் ஒரு மாற்றம்". அவர் இரண்டாவதைத் தொட்டுக் காட்டினார். அவர் ஸ்பானிஷில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"என் மனைவி ஒரு இறக்குமதி கம்பெனியில இருபது வருஷமா மொழிபெயர்ப்பாளர். ஸ்பானிஷ் கடிதம், ஸ்பானிஷ் ஃபோன். எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒருநாள் காலைல குளிச்சிட்டு வந்தவ அப்படியே சாஞ்சிட்டா. மூளையில ரத்தக்குழாய் அடைப்பு. ரெண்டு நாள் பேச்சே இல்ல. மூணாவது நாள் பேச ஆரம்பிச்சா, ஆனா ஒண்ணுமே புரியல. டாக்டர் உறுதியா சொன்னார், இது அர்த்தமில்லாத சத்தம், இந்த நோய்ல இப்படி வரும், மனசைத் தேத்திக்குங்கன்னு. நான் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நடுவுல ஒரு வார்த்தை கேட்டுது. க்ளாரோ. இருபது வருஷமா அவ ஃபோன்ல சொல்லி நான் கிண்டல் பண்ணின வார்த்தை. ஆமா, ஆமான்னு அர்த்தம். எழுந்து நின்னு கத்திட்டேன். டாக்டர், இது பிதற்றல் இல்ல, இது இவ ஆபீஸ்!"

கடிகாரம் சிரித்தார். கணக்கு வைத்த சிரிப்பாக அது இல்லை.

"அவளோட தமிழ் போயிடுச்சு, ஸ்பானிஷ் மட்டும் நின்னுடுச்சு. சில பேருக்கு அப்படி ஆகுமாம். ஸ்பானிஷ்லயும் பொருளோட பேருங்க பாதி காணோம். ஸ்பூன் வேணும்னா, குழம்பைக் கிண்டற சின்னதுன்னு சொல்லுவா. எனக்கும் பேரு தெரியாது, அவளுக்கும் ஞாபகம் இல்ல, ரெண்டு பேரும் சுத்திச் சுத்திப் பேசுவோம். புத்தகம் ஒண்ணு வாங்கினேன், அகராதி ஒண்ணு. பட்டறையில இரும்பு சுத்தறப்ப வாய்க்குள்ள சொல்லிப் பார்ப்பேன். இப்போ பதினாறு மாசம் ஆகுது. அவ சாப்பிடணும்னு கெஞ்சத் தெரியும். பயப்படாதேன்னு சொல்லத் தெரியும். நீ தூங்கற வரைக்கும் இங்கயே இருப்பேன்னு சொல்லத் தெரியும். கடையில பேரம் பேசத் தெரியாது, அதுக்குத் தேவையே வரல."

என் பென்சில் நின்றுவிட்டது. கதைக்காக மட்டும் அல்ல.

விருப்பம், அச்சம், கெஞ்சல், இன்னும் நடக்காதது ஆகியவற்றுக்கெல்லாம் ஸ்பானிஷில் வினைச்சொல் வேறு உருவம் எடுக்கும். கற்கிறவர்களுக்குப் பேய்க்கனவு அது. மூன்று வருடம் படித்தவர்களும் அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்கியே பேசுவார்கள். இவர் நிமிடத்துக்கு ஐந்தாறு முறை அதற்குள் போய் வந்துகொண்டிருந்தார், ஒருமுறைகூடக் கால் இடறாமல். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீட்டில் பேசுவதில் பாதி அந்த உருவத்தில்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நீ சாப்பிட்டால் போதும், விழுந்துவிடாதே, உனக்குச் சரியானவுடன். நான் பல்கலைக்கழகத்தில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த இலக்கணம் இவர் வாயில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தது.

கடைசியாக, அந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிறவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, மொழிபெயர்ப்பவர் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறார், இந்தச் சான்றிதழ் இருந்தால் இவரே தினமும் பக்கத்தில் உட்காரலாமாம் என்று சொன்னார். அதைக் குறிப்பெடுக்கத் தொடங்கி, பாதியில் அடித்துவிட்டேன். எதற்காக எழுதுகிறார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. காதில் விழுந்த மொழிக்கு மட்டும்தான்.

உரையாடலில் கடிகாரம் கேட்டார்: வயதான பிறகு ஒரு மொழியைக் கற்பது எல்லாருக்கும் முடியுமா?

"எல்லாருக்கும் எப்படின்னு எனக்குத் தெரியாது. முன்னாடியே யாராவது என்னைக் கேட்டிருந்தா, எனக்கே முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு ஒரு நொடி யோசித்து, "அவ சீன மொழியோட எழுந்திருந்தா அதையும் கத்துக்கிட்டிருப்பேன். அப்படி ஆகாதது என் அதிர்ஷ்டம், சந்தோஷமா இருக்கேன்."

நடந்திராததை, நடந்திருக்கக்கூடியதை இரண்டு அடுக்காகக் கட்டிய வாக்கியங்கள், இரண்டும் பிசிறில்லாமல். சந்தோஷமாக இருந்தது மட்டும் மறுபடியும் பெண்.

அவர் வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். ஒருவரை ஒருவர் கேட்காமல் முதலில் மதிப்பெண் எழுத வேண்டும் என்பது விதி. எழுதித் திருப்பிக் காட்டினோம். வீச்சில் இருவரும் ஐந்து. ஓட்டத்திலும் உரையாடலிலும் சிக்கல் இல்லை. துல்லியத்தில் நான் மூன்று, அவர் இரண்டு.

"சார், ரெண்டு போட்டா அவர் தேற மாட்டார்."

"தெரியும் மேடம். அதுக்காகக் கூட்டிப் போட முடியுமா? முதல் மாசப் பாடம் அது. எத்தனை தடவை தப்பு பண்ணினார், எண்ணினீங்களா?"

"ஒன்பது."

"ஒன்பது! விதி என்ன சொல்லுது? அடிப்படைப் பிழை விடாம திரும்பத் திரும்ப வந்தா இரண்டு."

"அதே விதியில இன்னொரு வரியும் இருக்கு சார். ஒரே பிழை எத்தனை தடவை வந்தாலும் ஒண்ணாத்தான் எண்ணணும்."

"ஒரே வார்த்தையா இருந்தா ஒரே பிழை. இவர் பதற்றம், கவலை, களைப்பு, சந்தோஷம்னு எல்லாத்துலயும் பண்றார். பால் பொருத்தமே தெரியலன்னுதானே அர்த்தம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கதையைக் கேட்டு என் மனம் இளகிப்போய், மூன்று என்று கை தானாக எழுதிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. "இன்னொரு தடவை கேட்போம் சார்" என்றேன். அடுத்த தேர்வருக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது. கடிகாரம் மணியைப் பார்த்தார், பிறகு பதிவைப் பின்னுக்கு ஓட்டினார்.

தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமாக்கிக்கொண்டேன். அவர் தன்னைப் பற்றிச் சொல்வது ஒரு பக்கம், மற்றவர்களைப் பற்றிச் சொல்வது மறுபக்கம்.

டாக்டர் உறுதியாக இருந்தார். ஆண்பால், சரி. ஏணிமேல் நின்றவர் தனியாக இருந்தார், சரி. போகிற போக்கில் சொன்ன பட்டறைக் கூட்டாளி அமைதியானவர், சரி. மனைவி களைத்திருந்தாள், பெண்பால், சரி. வாளி, கட்டை, புத்தகம், இரும்பு, கை, தண்ணீர், எல்லாம் சரி. பெண்பாலைப் போல முடிந்து ஆண்பாலாக இருக்கும் வார்த்தைகள் ஸ்பானிஷில் சில உண்டு, ஆசிரியர்களே சறுக்குவார்கள். அவையும் சரி. வலது பக்கத்தில் முப்பத்தொன்பது இடம், ஒரு பிழை இல்லை. இடது பக்கத்தில் ஒன்பது இடம், ஒன்பதும் தவறு.

தாளை மேசைமேல் வைத்தேன்.

"பால் பொருத்தம் இவருக்கு முழுசாத் தெரியும் சார். உலகத்துல எல்லாத்துக்கும் தெரியுது. 'நான்' மட்டும்தான் பெண்ணா இருக்கு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் புத்தகத்துலேர்ந்து எடுக்கல, அந்தம்மா வாயிலேர்ந்து அப்படியே எடுத்திருக்கார். அவங்க 'நான் களைச்சுட்டேன்'னு சொன்னா, இவருக்கு அதுதான் 'நான் களைச்சுட்டேன்'."

கடிகாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் குரல் கேட்டிருப்பார்.

"ஒரு பிழை" என்றார் மெதுவாக. தன் தாளில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். திருத்தினால் காரணம் எழுத வேண்டும். எழுதினார்: "முறையான பிழை ஒன்று. பொருள் எங்கும் மாறவில்லை." உறையில் போட்டு ஒட்டினோம். அடுத்த தேர்வர் பதினைந்து நிமிடம் தாமதமாக உள்ளே வந்தார். எங்கள் நிலையத்தில் யாரும் இதை நம்பவில்லை.

மதிய இடைவேளையில் தாழ்வாரத்தில் நடந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு அம்மா கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை கொஞ்சம் மடங்கியிருந்தது. என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்ததும் ஸ்பானிஷில் பேசினார். சுத்தமான, வேகமான, கண்ணாடி போன்ற ஸ்பானிஷ்.

"நீங்க அந்த... கேக்கறவங்க இல்ல, பக்கத்துல உக்காந்து நம்பர் போடறவங்கதானே?"

தலையசைத்தேன். தேர்வைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, அது அவருக்கும் தெரிந்திருந்தது போல. சுற்றிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தண்ணி வாங்கப் போயிருக்கார். ஒண்ணு கேக்கணும், பதில் சொல்ல வேண்டாம். உள்ள தன்னைப் பத்திச் சொல்றப்ப பொம்பளையாத்தானே பேசினார்?"

நான் முகத்தை மரமாக வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது.

"எனக்கு முதல்லேர்ந்தே தெரியும். அடைப்பு வந்த பிறகு நாலு மாசம் நான் சிரிக்கவே இல்ல. ஒருநாள் பட்டறையிலேர்ந்து வந்து, கதவுகிட்ட நின்னு, நான் களைச்சுப் போயிட்டேன்னு பொண்ணு மாதிரி சொன்னார். மீசையோட. சிரிச்சேன் பாருங்க, வயிறு வலிக்கற வரைக்கும். எதுக்குன்னு அவருக்குப் புரியல. நான் சிரிக்கறேன்னு அவரும் சிரிச்சார். அதுக்கப்புறம் எப்படித் திருத்தறது, சொல்லுங்க? நேத்துதான் பயம் வந்துச்சு, இதால தோத்துடுவாரோன்னு. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். மனசு வரல."

மதிப்பெண் ஒட்டின உறைக்குள் போய்விட்டது, இனி யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் அங்கே நின்று கேட்பதில் குற்றம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் இரண்டு பேர் மூளையைக் கசக்கி, முப்பத்தொன்பதும் ஒன்பதும் எண்ணி, தாளில் கண்டுபிடித்ததை இந்த அம்மா ஒரு வருடமாக வீட்டில் வைத்து வளர்த்திருக்கிறார்.

அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். என்னைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி நின்றார். மனைவிக்கு மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, தன்னைப் பற்றி ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் தண்ணீரைக் குடித்தார், தோள் மட்டும் குலுங்கியது.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. சான்றிதழை வாங்க அவர் மட்டும் வந்து போனதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

எட்டு மாதம் கழித்து, பெயர் பதியும் ஜன்னல் முன்னால் இருவரையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த அம்மாவிடம் கைத்தடி இல்லை. அவர் என்னை அடையாளம் கண்டு கைகூப்பினார்.

"அம்மாவுக்குத் தமிழ்ல பேச்சு வருதா சார்?" என்றேன். தேர்வறைக்கு வெளியே நான் நன்றாகவே பேசுவேன்.

"வருது மேடம், கொஞ்சம் கொஞ்சமா. தினமும் பக்கத்துல உக்காந்தேன். பேச்சுப் பயிற்சி தர்ற டாக்டரம்மா தமிழ்ல கேப்பாங்க, நான் இவளுக்கு ஸ்பானிஷ்ல சொல்லுவேன், இவ ஸ்பானிஷ்ல சொல்றதை அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுவேன். அஞ்சாவது வாரம் தமிழ்ல முதல் வார்த்தை சொன்னா. என்ன வார்த்தை தெரியுமா?"

"என்ன?"

"போதும். நான் விடாம ஸ்பானிஷ்ல பேசிக்கிட்டே இருந்தேனா, கையைத் தூக்கி, போதும்னா. டாக்டரம்மா அழுதுட்டாங்க. நான் பேசறதை நிறுத்திட்டேன்."

நான் சிரித்தேன். அவர் கையில் அடுத்த நிலைத் தேர்வுக்கான விண்ணப்பம் இருந்தது. "அதான் தமிழ் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு சார்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பதில் சொல்ல முயன்றார். தமிழில்தான். ஒவ்வொரு வார்த்தையையும் எங்கோ உள்ளிருந்து கையால் துழாவி எடுப்பது போல் இருந்தது.

"நான்... ரெண்டு பேரு... இப்போ. இவர்... ரெண்டு பேரையும்... பார்த்துக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு விண்ணப்பத்தைத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதை நிரப்பத் தொடங்கினார்கள். அவர் எழுத, அந்த அம்மா கட்டம் கட்டமாக விரலை வைத்துக் காட்டினார். ஒரு வரி ஸ்பானிஷில், அடுத்தது தமிழில், எது வாய்க்கு முதலில் வருகிறதோ அதில். உள்ளே தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் எங்கும் போகவில்லை, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.